மாப்ள மூஞ்சிக்கு எஃப்.சி.

தொட்டியில தண்ணி கெடக்குது, மூஞ்சியைக் கழுவிட்டு வா மாப்ள, காப்பி சொல்றேன். என்னது, கழுவ மாட்டயா? ஓகோ, கன்னத்துல போட்டுவிட்ட வெள்ளைப் பென்சில் கோடு அழிஞ்சு போயிருமாக்கும். இருக்கட்டும், இருக்கட்டும். மனை அளந்து கல்லு நட்ட மாதிரி நல்லாத்தான் இருக்குது. வடக்கு பாத்த கன்னம் என்ன வெலை போகுது?

கோவிச்சுக்காத. உங்கம்மா விடியறதுக்கு முந்தியே போன் பண்ணிட்டா. "அண்ணா, இவன் சேலத்துல எங்கயோ போயி மூஞ்சிக்கு ஊசி போட நாள் குறிச்சுட்டு வந்திருக்கறான், நீயாச்சும் கேளு"ன்னு அழுகாத குறை. நான் சொன்னேன், "அழுகாத தங்கச்சி, அழுதா சுருக்கம் விழும், அப்புறம் உனக்கும் சேத்து நாள் குறிச்சுருவான்"னு. என்னமோ பில்லர்னாளே? பில்லர்னா தூணுதான? சிமெண்ட் பேக்டரியை ஊருக்குள்ள வச்சுக்கிட்டு தூண் போட சேலம் போற ஒரே ஆளு நீதான் மாப்ள. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதை.

சரி, தூண் இல்லை, பள்ளத்தை நெரப்பற சரக்கு, ஃபில்லர். பேத்தி நேத்தே எனக்கு வெளக்கிட்டா. அவ தோல் டாக்டருக்குத்தான படிக்கறா. உனக்கு மருமக முறை ஆகறவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பேனர்ல சிரிக்கற பொம்பளையை நம்பிப் போயிருக்கறயே, அதுதான் எனக்கு வருத்தம்.

உன்ற வெசனம் எனக்குத் தெரியாதா? தை மாசம் பொண்ணு கல்யாணம். நிச்சயத்துல எடுத்த போட்டோவை நானும் பாத்தேன். சம்பந்தி உன்னைவிட மூணு வயசு மூப்பு. ஆனா படத்துல உனக்குத் தம்பி மாதிரி நிக்கறாரு. அவரு முப்பது வருசமா ஈரோட்டு ஜவுளிக்கடையில கல்லாவுக்குப் பின்னாடி உக்காந்திருந்த மனுசன். நீ இருபது வருசம் இந்தூருக்கும் நாக்பூருக்கும் ஸ்டியரிங் புடிச்சவன். நெழல்ல காயற துணியும் வெயில்ல காயற துணியும் ஒரே நெறமாவா இருக்கும்?

இப்ப ஒண்ணு செய்யி. அந்தக் கண்ணாடியை எடுத்து, வலக்கன்னத்தையும் இடக்கன்னத்தையும் தனித்தனியாப் பாரு. பாத்தயா? சன்னல் பக்கம் இருந்த கன்னத்துல சுருக்கம் எச்சு. எனக்கும் அப்படித்தான். நான் இத்தனை நாளா ஒருக்களிச்சுப் படுக்கறதுனாலன்னு நெனச்சுட்டு இருந்தேன். பேத்தி ஒரு படம் காட்டினா பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அமெரிக்காவுல ஒரு வண்டி டிரைவரு, 69 வயசு, 28 வருசம் சரக்கு வண்டி ஓட்டினவரு. ஒரே மூஞ்சியில ரெண்டு மனுசங்க. வலது பக்கம் சித்தப்பன், இடது பக்கம் தாத்தன். அங்க ஸ்டியரிங் இடது பக்கமல்ல, அதனால வெயில் அந்தக் கன்னத்துல விழுந்திருக்குது. 2012-ல அந்தூருப் பெரிய டாக்டர் பத்திரிகை ஒண்ணு அந்தப் படத்தைப் போட்டுச்சாம். சூரிய வெளிச்சத்துல ரெண்டு விதமான கதிரு இருக்குது, தோலைச் சுட்டுப் பொசுக்கறதைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துரும், தோலுக்குள்ள எறங்கி நாரை அறுக்கறது கண்ணாடியைத் தாண்டி வந்துரும்னு சொன்னா. கண்ணாடியை ஏத்தி விட்டுட்டா வெயில் இல்லைன்னு நாம நெனச்சது தப்பாப் போச்சு. இந்தச் சங்ககிரியில நாப்பது வருசமா டிரைவருங்க வலக்கன்னத்தைப் பாத்துட்டு இருக்கறோம், நமக்கு அதைப் படம் புடிக்கத் தோணலை பாரு.

சரி, ஊசிக்கு வர்றேன். பேத்தி பாடமாச் சொன்னதை லாரி பாசையில சொன்னாத்தான் உனக்கு ஏறும்.

தோலு தார்ப்பாய். அதுக்கு அடியில இருக்கற கொழுப்பு, சதை, எலும்பு எல்லாம் லோடு. எளவட்டத்துல லோடு முட்ட இருக்கும், தார்ப்பாய் விண்ணுன்னு நிக்கும். வயசாக ஆகக் கன்னத்துக் கொழுப்பு கொஞ்சம் கரையுது, கொஞ்சம் கீழ எறங்குது. எலும்பு கூட ஓரம் தேயுதாம் மாப்ள, கண்ணுக்குழி அகலமாகி, தாடை ஒடுங்குது. பல்லும் போச்சுன்னா கேக்கவே வேண்டாம், என்னையப் பாத்துக்க. இதுக்கு நடுவுல கொலாஜன்னு தோலுக்குள்ள இருக்கற நாரும் வருசா வருசம் கம்மியாகுது. லோடு கொறஞ்சு பாயும் தொளதொளத்துப் போனா மடிப்பு விழாம என்ன பண்ணும்? உன்ற மூக்கோரத்துல இருந்து வாய்க்கடை வரைக்கும் ரெண்டு வாய்க்கா ஓடுதே, அது அப்படி விழுந்த மடிப்பு. சூட்டிகையான டாக்டரா இருந்தா அந்த வாய்க்காலை நேரா அடைக்க மாட்டாராம். மேல கன்னத்து எலும்புமேல ஒரு மூட்டையை வெப்பாரு, தார்ப்பாய் தானா மேல ஏறிக்கும். அதுதான் ஃபில்லர்.

நெத்தியில விழற கோடு வேற ரகம். அது லோடு கொறஞ்சு வர்றதில்லை, கயிறு இழுத்து வர்றது. செக்போஸ்ட்டைப் பாத்தாலே நீ புருவத்தைச் சுளிப்ப பாரு, அப்படி வருசக்கணக்குல சுளிச்சா கோடு நிரந்தரமா நின்னுரும். அதுக்குப் போடறது போட்டக்ஸ். கெட்டுப்போன கறியில வர்ற கிருமியோட விசத்தைத் துளியூண்டு எடுத்து, கயித்தைத் தளர்த்தி விடறாங்க. மூணு நாலு மாசத்துல கயிறு மறுபடி முறுக்கிக்கும். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டு, "மாமா, போட்டக்ஸ் ஃபில்லர் போடறேன்"னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத. ஆயில் மாத்தறதும் டயர் மாத்தறதும் ஒண்ணா?

இப்ப அந்த மூட்டைக்குள்ள என்ன சரக்குன்னு பாப்போம். லோடு ஏத்தறதுக்கு முந்தி பில்லைப் பாக்காத டிரைவர் உருப்பட்டதில்லை. அதிகமாப் போடற சரக்குக்குப் பேரு ஹயலூரானிக் அமிலம். அமிலம்னதும் பேட்டரி ஆசிட்னு பயந்துக்காத. நம்ம ஒடம்புலயே அது இருக்குது, வளந்த ஆளுக்கு மொத்தமாப் பதினஞ்சு கிராம்கிட்ட. அதுலயும் மூணுல ஒரு பங்கைத் தெனமும் ஒடம்பு அழிச்சுட்டுப் புதுசாச் செஞ்சுக்குதாம். 1934-ல கார்ல் மேயர்னு ஒருத்தரும் ஜான் பால்மர்னு ஒருத்தரும் மாட்டுக்கண்ணுக்குள்ள இருக்கற கொழகொழப்புல இருந்து மொதல்ல பிரிச்சு எடுத்தாங்களாம். அது செய்யற முக்கியமான வேலை தண்ணியை இழுத்துப் புடிச்சு வெச்சுக்கறது. உங்க அத்தை ராத்திரி ஜவ்வரிசியை ஊறப் போடுவாளே, காத்தால பாத்தா தண்ணி முச்சூடும் குடிச்சுட்டு மணிமணியா உப்பி, கண்ணாடியாட்டம் நிக்கும். அதே கதைதான். நம்ம ஜில்லாவுல ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஆத்தூர்ப் பக்கம் போனா மொளம் மொளமா மரவள்ளிக் கெழங்கு கெடக்குது.

ஆனா சும்மா ஊறின ஜவ்வரிசி ரெண்டு நாள்ல கரைஞ்சு கஞ்சியாப் போயிரும் பாரு. ஒடம்புக்குள்ள போற சரக்கும் அப்படித்தான் போயிரும். அதனால எழைக்கு எழை முடிச்சுப் போட்டுக் கெட்டிப் பண்ணி ஊசியில அடைக்கறாங்க. முடிச்சு எச்சாப் போட்டா கெட்டி, கம்மியாப் போட்டா எளசு. கன்னத்துக்குக் கெட்டியானது, ஒதட்டுக்கு எளசானது. முடிச்சு ஒவ்வொண்ணா அவுந்து ஆறு மாசத்துல இருந்து ஒண்ணரை வருசத்துக்குள்ள கரைஞ்சு போயிரும். எட்டு வருசம் தாண்டின வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. காட்டறோமே, அதே கணக்கு. மூஞ்சிக்கும் ஒரு புரோக்கரைப் புடிச்சு வெச்சுக்க வேண்டியதுதான்.

இன்னொரு கூத்தைக் கேளு. இப்ப இந்தச் சரக்கை அநேகமாக் கிருமியை வளத்து அதுல இருந்து எடுக்கறாங்க. அதுக்கு முந்தி எதுல இருந்து எடுத்தாங்க தெரியுமா? சேவக்கொண்டையில இருந்து! ஹங்கேரியில பொறந்து அமெரிக்காவுக்குப் போன என்டரே பலாஸ்னு ஒரு விஞ்ஞானி கொண்டையைக் கொடைஞ்சு சரக்கெடுத்து, மொதல்ல கண் ஆபரேசனுக்குக் குடுத்தாரு, அப்புறம் மூட்டுக்குக் குடுத்தாரு. கொண்டைச் சரக்குல செஞ்ச சுருக்க மருந்துக்கே 2004-ல அமெரிக்காக்காரன் அனுமதி குடுத்திருந்தான். நாமக்கல்லுல கோடிக்கணக்குல கோழியை வெச்சுக்கிட்டு முட்டையை மட்டும் எண்ணிட்டு இருந்திருக்கறோம் மாப்ள. கொண்டையை எண்ணியிருந்தா இந்நேரம் பாரின்காரன் நம்ம வாசல்ல நின்னிருப்பான்.

சிரிக்காத. இப்ப நீ கேக்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். "ஏனுங் மாமா, போன ஆடியில உங்க முழங்காலுக்கு ஊசி போடறதுக்கு நான்தான வண்டியில கூட்டிட்டுப் போனேன், அது என்ன மருந்துங்?" அதானே? அதே சரக்குதான். ஒத்துக்கறேன். பேத்தி அட்டையைப் படிச்சுப் பாத்து, "தாத்தா, உங்களுக்குப் போட்டது இன்னைக்கும் சேவக்கொண்டையில இருந்து எடுக்கற ரகம்"னு சொல்லிட்டா. அதுக்கப்புறம்தான் விடியக்காலம் நாலு மணிக்கே முழிப்பு வர்றதுக்குக் காரணம் புரிஞ்சுது. மூட்டுக்குப் போட்டா மருந்து, மூஞ்சிக்குப் போட்டா மினுக்கான்னு நீ கேட்டா என்கிட்ட நேரான பதில் இல்லை. மூட்டு வலிச்சுது, போட்டேன். உனக்கு மூஞ்சி வலிக்குதுன்னா, வலிக்கற எடம் மூஞ்சிதானான்னு மட்டும் ஒருக்காப் பாத்துக்க.

மூஞ்சியைச் சீர்படுத்தறதே தப்புன்னு சொல்ற கட்டுப்பெட்டி நானில்லை. நம்ம தொழில்காரனுக்கு அது புதுசுமில்லை. திப்புவும் வெள்ளைக்காரனும் மோதிக்கிட்டப்ப, கம்பெனிப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டின கவாஸ்ஜின்னு ஒரு மராட்டிக்காரனைத் திப்பு ஆளுங்க புடிச்சு மூக்கையும் ஒரு கையையும் அறுத்து விட்டுட்டாங்க. புனே பக்கத்துல ஒரு நாட்டு வைத்தியரு அவன் நெத்தித் தோலையே எறக்கிப் புது மூக்கு வெச்சுக் குடுத்தாரு. 1794-ல லண்டன் பத்திரிகை படத்தோட போட்டு, சீமை டாக்டருங்க அதைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க. அந்தச் சண்டை முடிஞ்சு 1792-ல போட்ட உடன்படிக்கையிலதான் நம்ம சீமையே திப்பு கையை விட்டுக் கம்பெனி கைக்குப் போச்சு. ஆக, வண்டிக்காரன் மூக்குல இருந்துதான் இந்த வித்தை ஒலகத்துக்குப் பரவியிருக்குது. ஆனா ஒண்ணு, அவனுக்கு இருந்த மூக்கு போயிருந்துச்சு. உனக்கு எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்குது, கொஞ்சம் எறங்கியிருக்குது, அவ்வளவுதான்.

அளவு மீறினா என்ன ஆகும்கறதுக்கு ஒரு சீமாட்டி கதையும் சொல்லிர்றேன். கிளாடிஸ் டீக்கன்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு, ஐரோப்பாவே மயங்கின அழகி. கிரேக்கச் சிலையாட்டம் நெத்தியும் மூக்கும் ஒரே நேர்கோடா இருக்கோணும்னு இருபத்திரண்டு வயசுல மூக்குத்தண்டுல மெழுகை ஊசியில ஏத்திக்கிட்டா. அப்ப அதுதான் ஃபில்லர், பாரபின் மெழுகு. பின்னால இங்கிலாந்துல ஒரு பிரபுவுக்கு ரெண்டாந்தாரமாப் போயி சீமாட்டியும் ஆனா. மெழுகு மட்டும் மூக்குல நிக்காம வழிஞ்சு தாவாக்கட்டைக்கு வந்துருச்சு. கடைசிக் காலம் முச்சூடும் கண்ணாடியைத் திருப்பி வெச்சுட்டு இருந்திருப்பாளோ என்னமோ, பாவம்.

பட்டி வேலை எனக்குத் தெரியாதா மாப்ள? பதினெட்டு வருசம் டிங்கர் பட்டறை வெச்சிருந்தவன் நான். கேபின்ல ஒடுக்கு விழுந்தா உள்பக்கம் சுத்தி வெச்சுத் தட்டி எடுத்துட்டு, மிச்சமிருக்கற பள்ளத்துக்கு மட்டும் பட்டியை மெல்லிசாப் பூசி, தண்ணியூத்தி உப்புத்தாள்ல தேய்க்கோணும். கையை வெச்சாத் தெரியக்கூடாது, அதுதான் வேலை. சோம்பேறிப் பய என்ன பண்ணுவான்? தட்ட மாட்டான். அரை இஞ்சுக்குப் பட்டியை அப்பி, பளபளன்னு பெயிண்ட் அடிச்சு அனுப்பிருவான். மொதல் மழை வரைக்கும் ஜோரா இருக்கும். அப்படி ஒரு வண்டியை நானே ஏமாந்து வாங்கியிருக்கறேன். வித்தவன் பேரு எதுக்கு, செத்தும் போயிட்டான். ரெண்டாவது நடையில ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கறேன், கதவோரத்துல இருந்து ஒரு வில்லை தேங்காமூடி கணக்கா உதிர்ந்து ரோட்டுல உருளுது. அன்னையில இருந்து பழைய வண்டி பாக்கப் போனா சட்டைப் பையில ஒரு காந்தம் வெச்சிருப்பேன். தகரத்துல வெச்சா ஒட்டும், பட்டி மேல வெச்சா நழுவி விழும்.

சம்பந்தி காந்தம் கொண்டாந்து உன்ற கன்னத்துல வெச்சுப் பாக்க மாட்டாருதான். ஆனா பந்தியில நீ சிரிக்கறப்பப் பாப்பாங்க. எச்சாப் போட்டவங்க மூஞ்சியைச் சினிமாவுல பாத்திருக்கறயே, சிரிச்சா வாய் சிரிக்குது, கன்னம் தேங்காபன்னு கணக்கா அப்படியே நிக்குது. ஒரு ஊசியில இருக்கறது ஒரு மில்லி, அஞ்சு ஊசி சேந்தாத்தான் ஒரு டீஸ்பூன். அந்தத் துளியை எங்க வெக்கறது, எத்தனை ஆழத்துல வெக்கறதுங்கறதுலதான் கைத்திறமை.

இப்ப சிரிப்பை விட்டுட்டுக் கேளு. மூஞ்சியில ரத்தக்கொழாய் நூலாம்படையாட்டம் பின்னிக் கெடக்குது. ஊசி மொனை தப்பிப்போயி கொழாய்க்குள்ள சரக்கை எறக்கிட்டா, டீசல் லைன்ல மண்ணு அடைச்ச மாதிரி. அதுக்கு மேல ரத்தம் ஓடாது. தோலு மொதல்ல வெளுக்கும், வலிக்கும், அப்புறம் வலைவலையாக் கருநீலம் பூக்கும், கவனிக்காம விட்டா அழுகிரும். மூக்குலயும் புருவ மத்தியிலயும் இருக்கற கொழாய் கண்ணுக்குப் போற கொழாயோட சேந்திருக்குது. அங்க தப்பினா சரக்கு பின்னால தள்ளிட்டுப் போயி கண்ணையே அவிச்சுரும். அபூர்வந்தான், ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. ஆனா வந்துட்டா கண்ணுக்குக் கெடைக்கற நேரம் ஒரு மணி, ஒண்ணரை மணி. போன பார்வை திரும்பறது கஷ்டம். டிரைவரா இருந்தவனுக்குக் கண்ணோட வெலையை நான் சொல்லோணுமா?

அந்தச் சரக்கைக் கரைக்க எதிர்மருந்து ஒண்ணு இருக்குது, ஹயலூரானிடேஸ். பாம்பு விசத்துலயும் அதே சாமான் இருக்குதாம், விசம் சதைக்குள்ள சீக்கிரம் பரவறதுக்கு வழி விட்டுக் குடுக்கறது அதுதான். எப்படியோ, நல்லதுக்கும் ஆகுது. ஃபில்லர் போடற எடத்துல அது அலமாரியில தயாரா இருக்கோணும். பஞ்சர் கிட் இல்லாம லாங் நடை போவயா? ஆனா அது கரைக்கறது இந்த ஜவ்வரிசி ரகத்தை மட்டுந்தான். எலும்புல இருக்கற சுண்ணாம்புப் பொடி கலந்த ஒரு ரகம் வருது, அதைக் கரைக்காது. சிலிக்கான் எண்ணெயை ஏத்திட்டாங்கன்னா சுத்தம், அது உன்ற கூடவே சுடுகாட்டுக்கு வரும். "பர்மனென்ட்டுங், ஒரே தடவை போட்டாப் போதும்"னு எவனாச்சும் சொன்னா, செருப்பைக்கூடத் தேடாம எந்திரிச்சு வந்துரு.

உன்ற கூட்டாளி ஒருத்தன் பாதி வெலைக்குப் பார்லர்ல போட்டுக்கலாம்னு சொன்னானாமே? ஊசியே இல்லாம பேனாவுல அழுத்தி உள்ள தள்ளிருவாங்கன்னும் சொன்னானாமே? அந்தப் பேனாவைத் தொடாதீங்கன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுக்காரங்க 2021-லயே எச்சரிச்சுட்டாங்க. நம்ம பக்கத்துக் கதை மறந்துருச்சா? 2016-ல சென்னையில ஒரு மருத்துவக் கல்லூரிப் பையன் தலைக்கு முடி நடப் போயி உசுரை விட்டது பேப்பர் பூராம் வந்துச்சே. டாக்டருக்குப் படிச்ச பையனுக்கே அந்தக் கதி. 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் முடி நடறதுக்கும் அழகு வைத்தியத்துக்கும் விதி எழுதறப்ப, பயிற்சிப் பட்டறையில பாத்தும் யூடியூப்ல பாத்தும் கத்துக்கிட்டாப் போதாதுன்னு எழுத வேண்டியதாப் போச்சு மாப்ள. யூடியூப் பாத்துக் கியர்பாக்ஸ் கழட்டின பயலை நம்ம பட்டறையில என்ன பேசியிருப்போம்?

செலவுக்கு வருவோம். ரெண்டு ஊசின்னு சொன்னாங்களா? ஊசிக்கு முப்பதாயிரம்? ஒரு ஜோடி டயர் வாங்கிட்டு மிச்சத்துல மொய்யும் வெக்கலாம். ஒருக்காப் போட்டுட்டு நிறுத்தினா மூஞ்சி பழைய நெலைமைக்குத்தான் வரும், அதுக்கும் மோசமாகாது. ஆனா பளபளப்பு பழகின கண்ணுக்குப் பழைய மூஞ்சி புதுசாக் கெழடு தட்டின மாதிரித் தெரியும், மறுக்கா ஓடுவ. சேலம் போற ஒவ்வொருக்காவும் வைகுந்தத்துல டோல் வேற. நம்மூர்ல மட்டுந்தான் வைகுந்தத்தைத் தாண்டறதுக்கே காசு கேக்கறாங்க.

இத்தனை செலவில்லாம ஒரு வழி சொல்றேன், கேக்கறயா? பஸ் ஸ்டேண்டு பக்கத்துல ஃபிளக்ஸ் கடைப் பையன் இருக்கறானே, அவன்தான் இந்தத் தாலூக்காவுலயே பெரிய தோல் டாக்டரு. போன மாசம் காதுகுத்துக்கு என்ற படத்தைக் குடுத்தேன். பேனர்ல பாக்கறேன், முப்பத்தஞ்சு வயசு, கன்னம் மழமழன்னு, சந்தனக் கலர்ல. மீசை மட்டும்தான் எனக்குச் சொந்தம். உங்க அத்தை ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்துட்டு, "யாருங்க இந்தப் பையன், நம்ம ஒறம்பரையா?"ங்கறா. சதுர அடிக்கு இத்தனைன்னு வாங்கினான், ஊசி குத்தலை, வீக்கம் இல்லை. கல்யாண போட்டோகிராபர்கிட்டச் சொன்னா அவனும் இதையேதான் செய்வான்.

ஏ, மீசையைப் பத்தி அப்படிப் பாக்காத. ஆமா, மை போடறேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை, பொடக்காளியில, யாரும் பாக்காதப்ப. எழுபத்தி நாலு வயசுல எனக்கே அந்த ஆசை இருக்கறப்ப அம்பத்தி மூணுல உனக்கு இருக்கக் கூடாதுன்னு சட்டமா? வாசல்ல நின்னா தெரியுது பாரு மலை, வெள்ளைக்காரனை எதுத்துச் சண்டை போட்ட தீரன் சின்னமலைக் கவுண்டரைத் தூக்குல போட்ட கோட்டை. அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு காட்டறதுக்கு ஒரு போட்டோ கெடையாது. ஆடிப்பெருக்குக்கு வந்து பாரு, மாலை போடற சனம் எத்தனைன்னு. அதுக்காக உன்னையும் போட்டோவே எடுக்காத, சண்டைக்குப் போன்னா சொல்ல முடியும்? உன்ற பொண்ணு கல்யாணம், நீ மினுக்கிட்டு நிக்கோணும்னு ஆசைப்படற. நில்லு.

ஆனா நான் சொல்ற மாதிரி நில்லு. மொதல்ல அந்தப் பேனர்க் கடையை விட்டுட்டு, தோல் டாக்டருக்கோ பிளாஸ்டிக் சர்ஜரிக்கோ படிச்சுப் பதிவு பண்ணின டாக்டரைப் பேத்திகிட்டக் கேட்டுப் போலாம். நெஞ்சு டாக்டரு உனக்கு ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை குடுத்திருக்கறாரே, அதை இவங்ககிட்டச் சொன்னயா? சொல்லலையல்ல. சொல்லோணும். நீயா அதை நிறுத்தியும் போடாத, ஊசிக்கு ஆசைப்பட்டு நெஞ்சு நின்னா கல்யாணத்துல போட்டோவுக்கு மாலை போட்டுத்தான் வெப்பாங்க. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போயி நிக்காத. வீக்கமும் கன்னிப்போன நெறமும் வடியறதுக்கு நாளாகும், ஒரு மாசம் முந்தியே முடிச்சுரு. பீடியை இன்னைக்கே விடு. நீ வாய் குவிச்சு இழுக்கற ஒவ்வொரு இழுப்பும் ஒதட்டுக்கு மேல ஒரு கோடு போடுது, அதை நெரப்பறதுக்கு ஊசி, மறுபடி கோடு போட பீடின்னா அது என்ன கணக்கு? வெயில்ல போனா மூஞ்சிக்குக் களிம்பு பூசிக்க, வலக்கன்னத்துக்குக் கொஞ்சம் எச்சா. நம்ம டிரைவர் பசங்களுக்கும் வாங்கிக் குடு, அவங்களுக்கும் ஒரு நாள் பொண்ணு கல்யாணம் வரும்.

புதன்கெழமை போலாம், நானும் கூட வர்றேன். உள்ள போனதும் கரைக்கற மருந்து இருக்குதான்னு நானே கேக்கறேன், கெழவன் கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. டப்பாவை உன்ற கண்ணு முன்னால உடைக்கச் சொல்லு. பேரு, பேட்ச் நம்பர், தேதி மூணையும் படிச்சுப் பாத்துட்டு, அதுல ஒட்டியிருக்கற வில்லையைக் கிழிச்சு உன்ற சீட்டுல ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்க. வண்டிக்கு ஒரு லிட்டர் ஆயில் வாங்கினாலே சீலைத் திருப்பித் திருப்பிப் பாக்கற ஆளுதான நீ.